வீட்டுக்காரர் போனப்புறம் வர்ற பேப்பர் வேலை: எதை முதல்ல பண்ணணும், அவசர நம்பர் கட்டத்துல யார் பேரைப் போடணும்

எங்க வீட்டுக்காரர் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு. கொருக்குப்பேட்டைல இருக்கோம், அவர் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட்ல சூப்பர்வைசரா இருந்தாரு, நான் ஒரு தையல் யூனிட்ல கணக்கு எழுதுறேன். நாள் முழுக்க பில்லும் பேப்பருமா பொழைக்கிற எனக்கே அந்த ஆறு மாசம் எந்த பேப்பரை எங்க குடுக்கணும்னு தெரியாம ஒரே ஆபீஸுக்கு நாலு நாலு வாட்டி நடந்தேன். அப்புறம் எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு பேருக்கு இதே நிலைமை, அவங்க கூடவும் போய்ட்டு வந்தேன், அதனால இப்போ வரிசை ஓரளவு பிடிபட்டிருக்கு. அதைத்தான் எழுதுறேன். பொண்டாட்டியை பறிகொடுத்த ஆம்பளைங்களுக்கும் விதவை பென்ஷன், பங்கு கணக்கு தவிர மத்த பேப்பர் வேலை பெரும்பாலும் இதே வரிசைதான்.

முதல் பத்து நாள்

இந்த பத்து நாள்ல பண்ண வேண்டியதை விட பண்ணக் கூடாதது தான் ஜாஸ்தி.

ஒண்ணு, அவரோட போனை யாருக்கும் குடுக்காதீங்க, சிம்மை கேன்சல் பண்ணாதீங்க. எங்க மச்சினர் நல்ல எண்ணத்துலதான் "அந்த நம்பர் எதுக்கு அண்ணி, சும்மா ரீசார்ஜ் காசு"ன்னு சொன்னாரு. பேங்க், பிஎஃப், ஆதார், கேஸ்னு எல்லா ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வருது, அது செத்துப் போச்சுன்னா ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். குறைஞ்ச ரீசார்ஜ் ஒண்ணு போட்டு உயிரோட வச்சுக்கோங்க. நான் அந்த போனை சார்ஜ் போட்டு எப்பவும் என் ஹேண்ட்பேக்லயே வச்சிருந்தேன், அதனால ஒரு நாள் ஆன கூத்தை கீழ சொல்றேன்.

ரெண்டு, ஏடிஎம் கார்டை எடுத்துட்டு ஓடாதீங்க. "பேங்குக்குத் தெரியறதுக்கு முன்னாடி எடுத்துடு"ன்னு சாவு வீட்டுலயே நாலு பேர் காதுல ஓதுவாங்க. கணக்கு ஜாயின்ட்டா இருந்து, யார் வேணா எடுக்கலாம், இல்லைன்னா உயிரோட இருக்கறவங்க எடுக்கலாம்னு போட்டிருந்தா பிரச்சனை இல்லை, அது உங்க கணக்கும் தான். அவர் பேர்ல மட்டும் இருக்கற கணக்குன்னா, நாளைக்கு மாமியாரோ வேற வாரிசோ ஒரு கேள்வி கேட்டாங்கன்னா ஸ்டேட்மென்ட்ல தேதியோட மாட்டிக்குவீங்க. முறைப்படி கிளெய்ம் போட்டாலே பணம் வருது, அதை அப்புறம் சொல்றேன்.

மூணு, பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் எந்த பேப்பர்லயும் கையெழுத்து வேண்டாம். முக்கியமா விடுதலைப் பத்திரம், வெள்ளை பேப்பர், புரோ நோட்டு. உங்க பங்கை விட்டுக் குடுக்கறதா எழுதற பத்திரத்தை "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு"ன்னு சொல்லித்தான் நீட்டுவாங்க. நீட்டறவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்லலை, ஆனா அந்த நேரத்துல நமக்கு எழுத்தே கண்ணுல தெரியாது, அதான் விஷயம்.

நாலாவது, கடன்காரங்க. நம்ம ஏரியாவுல தண்டல் வாங்காத வீடு உண்டா. ஒருத்தர் வந்து "அண்ணன் என்கிட்ட நாப்பதாயிரம் வாங்கியிருக்காரு"ன்னு சொன்னா சண்டை போடவும் வேண்டாம், ஒத்துக்கவும் வேண்டாம், "எழுதி வச்சது ஏதாவது இருந்தா கொண்டு வாங்கண்ணா, காரியம் முடியட்டும்"னு சொல்லி அனுப்புங்க. இறந்தவர் கடனுக்கு அவர் விட்டுட்டுப் போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுங்க பொறுப்பு, உங்க சம்பளத்துல இருந்தோ உங்க நகையில இருந்தோ கட்டணும்னு சட்டம் இல்லை. நீங்க கூட கையெழுத்து போட்டிருந்தா, ஜாமீன் நின்னிருந்தா அது வேற கதை.

விபத்துல போயிருந்தா மட்டும் உடனே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு: எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ரெண்டையும் வாங்கி வச்சிடுங்க. ரோடு விபத்துக்கு நஷ்டஈடு கேஸ் போட ஆறு மாசம் தான் டைம்னு சட்டத்துல இருக்கு. வக்கீலுக்கு காசு இல்லைன்னா 15100 இலவச சட்ட உதவி நம்பர்.

இறப்புச் சான்றிதழ், இதுல ஒரு எழுத்து கூட தப்பக் கூடாது

21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஆஸ்பத்திரியில போனா அவங்களே அனுப்பிடுவாங்க, வீட்டுல போனா டாக்டர் குடுக்கற காரணச் சான்று வேணும், சுடுகாட்டுலயோ கல்லறையிலயோ குடுக்கற ரசீதையும் பத்திரமா வைங்க. மூலக்கொத்தளமோ காசிமேடோ எங்க அடக்கம் பண்ணாலும் அந்தத் துண்டுச் சீட்டு முக்கியம், மாலை கட்டின பையோட சேர்த்து தூக்கிப் போட்டுடாதீங்க. 21 நாள் தாண்டினா தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினா அனுமதி வாங்கணும், ஒரு வருஷமும் தாண்டிட்டா மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போகும்.

சென்னை கார்ப்பரேஷன் வெப்சைட்ல இதை காசில்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம், எத்தனை காப்பி வேணா பிரிண்ட் போடலாம். பிரவுசிங் சென்டர்ல "ஒரிஜினல் ஒரு காப்பி 200"னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

தப்பு நடக்கறது ஆஸ்பத்திரி கவுன்டர்ல. அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னே எனக்கு நினைவில்லை, ஃபாரத்தை நிரப்பினது கூட வந்த சொந்தக்கார பையன். அவன் வீட்டுல கூப்பிடற பேரையே எழுதிட்டான், இனிஷியலும் இல்லை. சான்றிதழ்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பேங்க் பாஸ்புக்ல மூணாவதா ஒரு பேரு. பேங்க்ல அந்த அம்மா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்துட்டு "இவர் தான் அவர்னு எப்படிம்மா நான் நம்பறது"ன்னு கேட்டாங்க, கோவமா கூட இல்லை, சாதாரணமா தான் கேட்டாங்க, ஆனா இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் யாருன்னு நான் நிரூபிக்கணுமான்னு அங்கயே உக்காந்து அழுதுட்டேன். கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸ்ல சுகாதாரப் பிரிவுல திருத்த மனு குடுத்து, அவரோட ஆதார், பள்ளி சான்றிதழ் எல்லாம் காட்டி சரி பண்ண ஏழு வாரம். அதனால ஆஸ்பத்திரியில ஃபாரம் நிரப்பும்போது ஆதார் கார்டை கையில வச்சுக்கிட்டு பார்த்து எழுதச் சொல்லுங்க. அவர் பேரு, அப்பா பேரு, விலாசம், முக்கியமா மனைவின்னு உங்க பேரு, நாலையும் பாருங்க.

ஒரு பட்டன் ஃபைல், ஒரு நோட்டு

சான்றிதழ் வந்ததும் பத்து ஜெராக்ஸ். அவர் ஆதார், பான், ஓட்டர் ஐடி, உங்க ஆதார், பான், கல்யாணப் பதிவு இருந்தா அது, ரேஷன் கார்டு, பசங்க பிறப்புச் சான்றிதழ், உங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன். எல்லாத்தையும் செட் செட்டா பின் போட்டு ஒரு பிளாஸ்டிக் பட்டன் ஃபைல்ல வைங்க. பரண் மேல வைங்க, கட்டிலுக்கு அடியில வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ எங்க கல்யாண பத்திரிகையும் எல்ஐசி பாண்டும் ஒண்ணா ஊறிப் போனதை நான் இஸ்திரி போட்டு காய வச்சேன்.

நோட்டு எதுக்குன்னா, எந்த தேதியில எங்க போனீங்க, எந்த கவுன்டர், என்ன சொன்னாங்க, அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் என்ன, எல்லாம் எழுத. ரெண்டாவது வாட்டி போகும்போது "போன 14ஆம் தேதி நீங்க இந்த மூணு பேப்பர் தான் கேட்டீங்க சார்"னு நோட்டைப் பார்த்து படிச்சா பேச்சே மாறும். புருஷன் செத்தப்புறம் வர்ற மறதி சாதாரண மறதி இல்லை, அடுப்புல பால் வச்சது கூட மறந்து போகும், உங்களை நீங்க நம்பாதீங்க, நோட்டை நம்புங்க.

வாரிசு சான்றிதழ்

தாசில்தார் குடுக்கறது. இ-சேவை மையத்துல விண்ணப்பம் போடணும், கட்டணம் 60 ரூபாய். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம்னு தாலுகா பிரிஞ்சு கிடக்கு, அவர் குடியிருந்த விலாசம் எந்த தாலுகான்னு இ-சேவையிலயே கேட்டுட்டு போடுங்க. விண்ணப்பம் போட்டப்புறம் விஏஓ, ஆர்ஐ விசாரணை இருக்கும், அக்கம்பக்கத்துல கேப்பாங்க, அதனால எதிர் வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க.

இங்கதான் குடும்பம் குழம்பும். "மாமியார் பேரைப் போடாதே, அப்புறம் பங்கு கேப்பாங்க"ன்னு எனக்கு சொன்னவங்க என் பக்கத்து ஆளுங்களே. உயில் எழுதாம போன இந்து ஆம்பளையோட சொத்துல மனைவி, பிள்ளைங்க, அவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. எங்க வீட்டுல நான், ரெண்டு பசங்க, மாமியார், ஆக நாலு பங்கு. மாமியாரை மறைச்சு வாங்கின சான்றிதழ் நாளைக்கு ரத்தாகும், கேஸும் வரும். அதுக்கு மேல, பிள்ளையை பறிகுடுத்த 74 வயசு கிழவி அவங்க, அவங்க பேரை விட்டுட்டு நான் எங்க போய் நிக்கறது. நான் போட்டேன். பிஎஃப் பணம் வந்தப்போ அவங்களே "எனக்கு எதுக்குடி, பையன் ஃபீஸ் கட்டு"ன்னுட்டாங்க. எல்லா வீட்டுலயும் இப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மறைச்சிருந்தா எங்க வீட்டுல கண்டிப்பா இப்படி முடிஞ்சிருக்காது.

கிறிஸ்டியன் வீடுகள்ல கணக்கு வேற, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைங்களுக்கு. முஸ்லிம் வீடுகள்ல பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு எட்டுல ஒரு பங்கு. ராயபுரத்துல இருந்து மண்ணடி வரைக்கும் ஒரே தெருவுல மூணு வீட்டுக்கு மூணு கணக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததை வச்சு உங்க கணக்கைப் போடாதீங்க.

ரெண்டாவது கல்யாணம், தத்துப் பிள்ளை, வாரிசுங்களுக்குள்ள தகராறு, இப்படி இருந்தா தாசில்தார் கை கழுவிடுவாரு, கோர்ட்டுக்குத்தான் போகணும். அப்போ பாரிமுனைல யாரோ ஒரு வக்கீலை பிடிக்காதீங்க, மேல சொன்ன சட்ட உதவியில முதல்ல கேளுங்க.

பணம் எங்கெங்க மாட்டிக்கிட்டு இருக்கு

முதல்ல பேங்க் பாஸ்புக்கை அப்டேட் போட்டு ஒரு வருஷ என்ட்ரியை பேனா வச்சு வரி வரியா பாருங்க. மே மாசக் கடைசியில 436 ரூபாய் பிடிச்சிருந்தா அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி, எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடிச்சிருந்தா சுரக்ஷா பீமா, விபத்துன்னா 2 லட்சம். யாரோ பேங்க்ல கையெழுத்து வாங்கி போட்டு விட்டிருப்பாங்க, அவரே வீட்டுல சொல்லியிருக்க மாட்டாரு. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு இந்த 436 என்ட்ரியை நான் தான் கண்டுபிடிச்சேன், பேங்க்ல யாரும் வாயே தொறக்கலை. தள்ளிப் போடாதீங்க, 30 நாளுக்குள்ள கிளெய்ம் குடுக்கப் பாருங்க. ரூபே ஏடிஎம் கார்டுக்கும் விபத்துக் காப்பீடு உண்டு, விபத்துன்னா அதையும் சேர்த்து கேளுங்க.

அப்புறம் கணக்குல இருக்கற பணம். நாமினி போட்டிருந்தா கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், நாமினியோட அடையாளச் சான்று, அவ்ளோதான். எல்லா பேப்பரும் சரியா குடுத்தப்புறம் 15 நாளுக்குள்ள பேங்க் தீர்த்து வைக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி. குடுக்கும்போது ஜெராக்ஸ்ல சீல் போட்டு தேதி வாங்கிடுங்க, அந்த 15 நாள் எண்றதுக்கு. ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, பேங்க் கணக்குல நாமினின்னா பணத்தை வாங்கி வாரிசுங்களுக்கு சேர்க்கற ஆளு, அவரே முதலாளி ஆகிட மாட்டாரு. எத்தனையோ குடும்பம் இதுல தான் கெட்டுச்சு. எந்த பேங்க்ல எல்லாம் கணக்கு வச்சிருந்தாருன்னே தெரியலைன்னா, பத்து வருஷம் கேட்பாரில்லாம கிடந்த பணத்தைத் தேட ரிசர்வ் வங்கியோட உத்கம் வெப்சைட் இருக்கு.

பிஎஃப். கான்ட்ராக்ட் வேலைன்னாலும் பிஎஃப் பிடிச்சிருப்பாங்க, அவர் போன்ல யூஏஎன்னு, அதான் பிஎஃப் கணக்கு நம்பர், தேடினா மெசேஜ் கிடைக்கும். சாவுக்கு மூணு கிளெய்ம்: சேர்த்த பணத்துக்கு ஃபாரம் 20, மாசப் பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5ஐஎஃப். பல பேர் முதல் ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்துடறாங்க. அந்த இன்சூரன்ஸ் இருக்கே, வேலையில இருக்கும்போதே இறந்திருந்தா 7 லட்சம் வரைக்கும் வரும், தொழிலாளி சம்பளத்துல இதுக்கு ஒரு பைசா பிடிக்கறதில்லை, அதனாலயே யாருக்கும் தெரியறதில்லை. பென்ஷனும் வேலையில இருக்கும்போது இறந்தா ஒரு மாசம் பணம் கட்டியிருந்தாலே மனைவிக்கு உண்டு, ரெண்டு பசங்களுக்கு 25 வயசு வரைக்கும் தனியா உண்டு. எங்க கான்ட்ராக்டர் "அஞ்சு வருஷம் முடியலை, கிராஜுவிட்டி கிடையாது"ன்னு அடிச்சு சொன்னாரு. செத்துப் போனவருக்கு அந்த அஞ்சு வருஷ கணக்கே கிடையாது, சட்டத்துலயே இருக்கு, அதை எழுதிக் குடுத்தப்புறம் தான் வந்துச்சு. இஎஸ்ஐ இருந்தா ஈமச் செலவுக்கு 15,000 கேளுங்க.

எல்ஐசிக்கு 3783னு ஒரு ஃபாரம், கூட பாண்டு. பாலிசி போட்டு மூணு வருஷத்துக்குள்ள இறந்திருந்தா விசாரணை வச்சு தான் குடுப்பாங்க, பயப்படாதீங்க.

குழுக் கடன் வாங்கியிருக்கீங்களா, தவணை அட்டையை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் உங்க பேர்ல வாங்கின கடனுக்கு புருஷன் உயிருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பிடிச்சிருப்பாங்க, அப்படின்னா மிச்சக் கடன் தள்ளுபடி ஆகணும். வாரத் தவணைக்கு வர்றவரு இதை தானா சொல்ல மாட்டாரு, கூட இருக்கற பொம்பளைங்களும் நம்ம தலையில விழுமோன்னு "கட்டு கட்டு"ன்னு தான் சொல்லுவாங்க. சேட்டு கடையில அவர் பேர்ல அடகு வச்ச நகை இருந்தா ரசீதைத் தேடுங்க, வட்டி ஏறிட்டே இருக்கும்.

ஆட்டோ, கட்டடம், லோடு வேலைன்னா நல வாரிய அட்டை இருக்கான்னு பாருங்க, இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை இருக்கு. காசிமேட்டுல கடலுக்குப் போறவங்க வீடுன்னா மீனவர் விபத்துக் காப்பீடு, கடல்ல விபத்துல போயிருந்தா 5 லட்சம், சங்கத்துலயும் மீன்வளத்துறையிலயும் கேளுங்க. வருமானம் இல்லாத விதவைன்னா மாசம் 1,200 ஓய்வூதியம், 2023 ஆகஸ்ட்ல இருந்து அந்தத் தொகை, இதுக்கும் தாலுகா தான்.

வீட்டு பேப்பருங்க

இதெல்லாம் அவசரமில்லை, ஆனா விட்டுடாதீங்க. ரேஷன் கார்டுல பேர் நீக்கறது, தலைவர் மாத்தறது ஆன்லைன்லயே முடியும். கேஸ், ஈபி, சொத்து வரி, மெட்ரோ வாட்டர், நாலுக்கும் கிட்டத்தட்ட அதே செட் பேப்பர் தான், சில இடத்துல மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். வாரியம் ஒதுக்கின போர்டு வீடுன்னா ஒதுக்கீட்டு ஆணை யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, வியாசர்பாடியில தாத்தா பேர்லயே மூணு தலைமுறையா ஓடற வீடெல்லாம் எனக்குத் தெரியும், பெயர் மாற்றம் பண்ணாம விட்டா தொகை கட்டி முடிச்சாலும் கிரயப் பத்திரம் வாங்க முடியாம திண்டாடணும்.

வண்டி மட்டும் கொஞ்சம் சீக்கிரம். இறந்த 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தகவல், மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31. வண்டி நம்பர் டிஎன் 03ன்னா தண்டையார்பேட்டை ஆர்டிஓ. அதுவரைக்கும் பையன் அப்பா வண்டியை எடுத்துட்டுப் போய் எங்கயாவது இடிச்சான்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு கொண்டாட்டம், சாவியை மறைச்சு வைங்க.

உங்க பேப்பர்ல இன்னும் இருக்கற அவர் பேரு

அவரோட பேப்பர் எல்லாம் முடிச்சுட்டு நிம்மதியா இருந்தேன். என்னோட பேப்பர்னு ஒண்ணு இருக்கறதே தோணலை. நாலாவது மாசம் கழுத்துல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு, ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். நூல்ல கட்டின பேனா, ஒரு பக்க ஃபாரம். பேரு, வயசு, விலாசம், கடைசி வரியில அவசரத்துக்கு தொடர்பு கொள்ள. கை தானா எழுதிடுச்சு, அவர் பேரு, அவர் நம்பர், உறவுன்ற இடத்துல கணவர். கவுன்டர்ல இருந்த பொண்ணு நம்பர் சரியான்னு பார்க்க ஒரு ரிங் விட்டுச்சு.

என் பைக்குள்ள அடிச்சுது. அவர் வச்ச நாதஸ்வர ரிங்டோன். அந்தப் பொண்ணு பையைப் பார்க்குது, என்னைப் பார்க்குது, "மேடம், அந்த போன் உங்ககிட்டயே இருக்கே, வேற யாராவது நம்பர் குடுங்க"ன்னு சொல்லுது. பின்னாடி ஆறு பேர் நிக்கறாங்க. நான் அந்த வரியை அடிச்சுட்டு பேனாவை பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஒரு பேரும் வரலை. என் தம்பி அம்பத்தூர்ல நைட் ஷிஃப்ட், போனை லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும். பெரியவன் கோயம்புத்தூர்ல படிக்கிறான். சின்னவனுக்கு பதினாலு வயசு. மாமியாருக்கு காது கேக்காது. மச்சினர் ஆவடி. அன்னைக்கு அந்த இடத்தை காலியாவே விட்டுட்டு வந்தேன், அந்தப் பொண்ணும் அப்புறம் ஒண்ணும் கேக்கலை. கட்டி ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி நோட்டுல எழுதிப் பார்த்தேன், யாரைப் போடறதுன்னு. நமக்கு பழக்கம் என்னன்னா முறையில யார் கிட்டயோ அவங்களை போடறது, அண்ணன் தம்பி, மாமனார் வீடு, இப்படி. முறை எல்லாம் பத்திரிகை வைக்கறதுக்கு சரி. இதுக்கு பார்க்க வேண்டியது வேற: ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா எடுப்பாங்களா, தெரியாத நம்பர்னாலும் எடுப்பாங்களா, அரை மணி நேரத்துல வந்து நிப்பாங்களா, ஆஸ்பத்திரியில ஒப்பாரி வைக்காம டாக்டர் சொல்றதை காதுல வாங்குவாங்களா, நம்ம உடம்பு விஷயத்தை அடுத்த நாள் தண்ணி லாரி வரிசையில சொல்லாம இருப்பாங்களா. எங்க ஏரியாவுக்கு இன்னொண்ணு, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. கேட்டு போட்டா கூட்ஸ் வண்டி போய் முடியற வரைக்கும் ரத்த சொந்தமே ஆனாலும் அந்தப் பக்கம் தான் நிக்கணும்.

எனக்குக் கிடைச்ச விடை எதிர் வீட்டு அக்கா. காசிமேட்டுல மீன் எடுத்து விக்கறவங்க, ஏலத்துக்குப் போகணும்னு தினம் ராத்திரி ரெண்டரைக்கு எழுந்துடுவாங்க, போன் இடுப்புலயே இருக்கும். போய்க் கேட்டேன். "இன்னா மா, இத்தப் போயி கேட்டுக்கினு கீற, எழுதிக்கோ"ன்னுட்டாங்க. மச்சினருக்குத் தெரிஞ்சு கொஞ்சம் வருத்தம், "வீட்டு ஆளுங்க நாங்க இருக்கோமே அண்ணி"ன்னாரு. அவரையும் போட்டேன், ரெண்டாவதா. என் யோசனை இதுதான், கிட்ட இருக்கற ஒருத்தர், ரத்தத்துல ஒருத்தர், ரெண்டு பேர் வேணும். கிட்ட இருக்கறவங்க வந்து சேருவாங்க, ஆபரேஷன் ஃபாரம், கேஸ் ஷீட்னு ஆஸ்பத்திரிங்க சொந்தக்காரங்க கையெழுத்து தான் கேப்பாங்க, அதுக்கு ரெண்டாவது ஆளு. உயிர் போற அவசரம்னா போலீஸ் கேஸ், ஃபார்மாலிட்டின்னு சொல்லி சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிடுச்சு, அதையும் அந்த ரெண்டு பேருக்கும் சொல்லி வைங்க.

கேக்காம யார் பேரையும் போடாதீங்க. கேக்கும்போது என்ன பண்ணணும்னு தெளிவா சொல்லுங்க: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கு போன் வரும், நீ வரணும், சின்னவனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், தம்பிக்கு சொல்லணும். காசு விஷயம் எதுவும் உன் தலையில இல்லை." அவசர நம்பர் வேற, நாமினி வேற, பிள்ளைக்கு கார்டியன் வேற. மூணையும் ஒரே ஆள்னு நினைச்சு பயந்து பின் வாங்கறவங்க உண்டு. சின்னப் பசங்க இருந்தா கார்டியன் யாருன்னு ஒரு உயில்ல எழுதி வைக்கறது நல்லது, அதுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து போதும்.

இப்போ அவர் பேரு எங்கெங்க இருக்குன்னு தேடுங்க. நான் தேடினதுல வந்தது: என் வேலை இடத்து ரெக்கார்டு, சின்னவன் ஸ்கூல் டைரி, பெரியவன் ஹாஸ்டல் ஃபாரம், என் பிஎஃப் நாமினி, என் பேங்க் நாமினி, எல்ஐசி, என் ஸ்கூட்டி இன்சூரன்ஸ்ல ஓட்டறவருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீட்டு நாமினி, தைராய்டுக்கு பார்க்கற கிளினிக் ஃபைல். பாஸ்போர்ட் இருந்தா அதுலயும் இருக்கும். நான் போனா என் பணம் எல்லாம் செத்துப் போனவருக்குத்தான் போய் சேரணும்னு எழுதி வச்சிருக்கேன், பாருங்க. பேங்க்ல 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், நான் ரெண்டு பசங்களுக்கும் பாதிப் பாதி போட்டேன்.

போன்ல பூட்டின ஸ்கிரீன்லயே அவசர நம்பர் தெரியற மாதிரி வைக்கலாம். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் உள்ள பாதுகாப்பு, அவசரம்னு ஒரு பகுதி இருக்கு, ஐபோன்ல ஹெல்த்ல மெடிக்கல் ஐடி. ரத்த வகை, சாப்பிடற மாத்திரை, அலர்ஜி எல்லாம் போடுங்க. போன் உடைஞ்சு போச்சுன்னா என்ன பண்றது, அதனால பர்ஸ்ல ஒரு சின்ன சீட்டும் வைங்க, தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம். 108ல வர்றவங்க பையைத் தான் முதல்ல பார்ப்பாங்க.

எதிர் வீட்டு அக்காகிட்ட ஒரு டூப்ளிகேட் சாவி குடுத்திருக்கேன், பரண் மேல நீல ஃபைல்னும் காட்டியிருக்கேன். அவர் சிம்மை போன மாசம் தான் சரண்டர் பண்ணேன், கடைசி பேங்க் வேலை முடிஞ்சப்புறம். ரிங்டோனை முதல்ல என் போன்ல ஏத்திக்கிட்டு தான் குடுத்தேன்.

போன வாரம் அந்த அக்கா மீன் கூடையை வாசல்லயே வச்சுட்டு உள்ள வந்தாங்க, கையில கசங்கின ஒரு பேப்பர், கண் ஆபரேஷனுக்கு குடுத்த ஃபாரம், ஒரு ஓரத்துல செதில் ஒட்டிக்கிட்டு இருக்கு. "எனக்கு எழுத வராதும்மா, இதுல கடைசில யார் பேரோ கேக்கறாங்களாமே, உன் நம்பரைப் போட்டுக் குடு"ன்னாங்க. உறவுன்ற இடத்துல என்ன எழுதறதுன்னு கேட்டேன். "எதிர் வூடுன்னு எழுது"ன்னாங்க.